கேள்விக்குறிகளைக் கடந்து போங்கள்

திரைக்குள் விரியும் உலகங்கள் – 11

‘தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்’ கேமில் ஒயிட் ஆர்ச்சர்டு என்ற சிற்றூரைத் தாண்டி, வெலன் என்னும் சதுப்பு நிலத்தில் காலெடுத்து வைத்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அங்கே மேப்பைத் திறந்ததும் யாருக்கும் ஒரு மலைப்பு வரும். திரையெங்கும் கேள்விக்குறிகள். ஊருக்கு ஊர் அறிவிப்புப் பலகை, பலகை நிறையக் காகிதங்கள், காகிதத்துக்கு ஒரு வேலை. மெயின் குவெஸ்ட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலே ஏறத்தாழ 50 மணி நேரம் பிடிக்கும். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் முடிக்கக் கிளம்பினால் அது மூன்று மடங்காகிவிடும்.

வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது என்று இருப்பவர்கள் எதைச் செய்வது, எதை விடுவது? இந்த வாரம் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான். சில முடிச்சுகளை அவிழ்த்துத்தான் சொல்லியாக வேண்டும். கதை முன்கூட்டியே தெரியக் கூடாது என்பவர்கள் ஆடி முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூலி எவ்வளவு என்று பார்க்காதீர்கள். கேட்பது யார் என்று பாருங்கள். பெயரும் முகமும் ஒரு கவலையும் உள்ள ஆள் வந்து கேட்டால் நின்று கேளுங்கள். வெறும் கேள்விக்குறி கூப்பிட்டால் குதிரையை நிறுத்த வேண்டாம்.

இந்த கேமுக்கு இந்த அளவுகோல் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. கெரால்ட் என்ற விட்சர் முதன்முதலில் 1986-இல் ‘ஃபன்டாஸ்டிகா’ என்ற போலந்து இதழில் ஒரு சிறுகதையில்தான் பிறந்தார். எழுதியவர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி. காசுக்கு அரக்கர்களைக் கொல்லும் கூலிக்காரர் ஒருவர் ஓர் ஊருக்கு வருகிறார், வேலை பேசுகிறார், விசாரிக்கிறார், ஊர்க்காரர்கள் மறைத்து வைத்திருந்த ஏதோ ஒன்று வெளியே வருகிறது. முதல் கதைகளின் அமைப்பு பெரும்பாலும் இதுதான். சிரி என்ற பெண்ணைச் சுற்றிய நாவல் வரிசை பிறகுதான் வந்தது. வார்சாவைச் சேர்ந்த சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே 19 அன்று வெளியிட்ட இந்த மூன்றாம் பாகத்தில், சிரியைத் தேடும் மெயின் குவெஸ்ட் அந்த நாவல்களின் வாரிசு. சைட் குவெஸ்ட்கள் அந்தச் சிறுகதைகளின் வாரிசு. என் ரசனையில் கெரால்டின் இயல்பான இடம் இரண்டாவதுதான். வளர்ப்பு மகளைக் காணாமல் தவிக்கும் ஒருவர் வழியில் நின்று வேலை பார்ப்பாரா என்று சிலர் கேட்பதுண்டு. பார்ப்பார். அது அவர் பிழைப்பு. அரசனிடம் போகும் வழியில் குடியானவனுக்கும் வேலை பார்த்தவர் அவர்.

ஒயிட் ஆர்ச்சர்டிலேயே இதற்கு ஒரு சின்ன உதாரணம் உண்டு. ஒரு பாட்டி ஒரு குடிசையின் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே தங்கியிருந்த அந்நியன் இரவல் வாங்கிய வாணலியைத் திருப்பித் தரவில்லை, அதை எடுத்துக்கொடு என்பார். உலகத்தைக் காக்கக் கிளம்பிய வீரனுக்கு இதைவிட அற்பமான வேலை இருக்க முடியாது. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனால் ஒரு பிணம் கிடக்கிறது. எரிந்த காகிதங்கள், ஓர் ஒற்றைக்கண்ணாடி, பக்கத்தில் வாணலி. வாணலியின் அடியில் கரி ஒரு துளிகூட இல்லை. கெரால்ட் யோசித்துப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்: கரியைச் சுரண்டி எடுத்து யாரோ மை தயாரித்திருக்கிறார்கள். போர்க்காலத்தில், பிடிபட்ட நாட்டில், பூட்டிய குடிசைக்குள் ரகசியமாக எழுத வேண்டிய அவசியம் யாருக்கு வரும்? முதல் பாகம் ஆடியவர்களுக்கு அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் தேலர் என்ற டெமேரிய உளவாளியின் நினைவு வந்துவிடும். பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. பளபளவென்று திரும்பி வந்த வாணலியைக் கண்டு அவருக்கு ஒரே சந்தோஷம். எல்லாம் ஐந்து நிமிடம். அதற்குள் ஒரு போரின் உள்ளறை நம் கண்ணில் பட்டுவிடுகிறது.

நல்ல சைட் குவெஸ்ட்டை ஆரம்பத்திலேயே இனம்காண இன்னொரு வழியும் உண்டு. ஒருவர் வேலை கொடுக்கும்போது, மற்றொருவர் வந்து ‘செய்யாதே’ என்று காசு நீட்டினால் அதை விடவே கூடாது. வெலனில் பிளாக்பவ் என்ற ஊரில் நியெலன் என்ற வேட்டைக்காரன் தன் மனைவி ஹன்னாவைக் காணவில்லை, தேடித் தா என்கிறான். காட்டில் தடம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய தங்கை மார்க்ரிட் வந்து, தேடுவதை நிறுத்தினால் பணம் தருகிறேன் என்கிறாள். வாங்கிக்கொண்டு போய்விடலாம், கேம் தடுக்காது. போகாமல் தேடினால், நியெலனே ஓநாய் மனிதன் என்பதும், அவன்மேல் ஆசை வைத்த மார்க்ரிட் அக்காவை எதற்காக அந்தக் காட்டுக்கு அனுப்பினாள் என்பதும் தெரியவரும். கடைசியில் யார் சாக வேண்டும் என்பதை நம் கையில் விட்டுவிடுகிறார்கள். கிடைக்கும் கூலி சொற்பம்தான். இதில் கூலியை யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்?

வெலனில் ஒரே ஒரு சைட் குவெஸ்ட்டுக்குத்தான் நேரம் என்றால் நான் ஃபைக் தீவைச் சொல்வேன். ‘எ டவர்ஃபுல் ஆஃப் மைஸ்’ என்று பெயர். 6-ஆம் லெவலில் செய்யலாம். கைரா மெட்ஸ் என்ற மந்திரக்காரி, இறந்தவர்களின் குரலைக் கேட்கவைக்கும் விளக்கு ஒன்றைக் கையில் கொடுத்து, சாபம் பிடித்த அந்தத் தீவுக்கு அனுப்புகிறாள். கோபுரத்தில் படிப்படியாக ஏறும்போது விளக்கொளியில் பழைய நிகழ்ச்சிகள் துண்டு துண்டாகத் தெரிகின்றன. பஞ்சத்தில் ஊர் வாடுகிறது. நிலப்பிரபு குடும்பத்தோடும் தானியத்தோடும் தீவில் பதுங்கியிருக்கிறான். அவனோடு இருந்த அலெக்சாண்டர் என்ற மந்திரவாதி எலிகளை வைத்துக் கொள்ளைநோயை ஆராய்கிறான். பசித்த குடியானவர்கள் படகேறி வந்து கோபுரத்தை உடைக்கிறார்கள். கூட்டத்திடம் சிக்கினால் கெதி என்ன என்று பயந்து, பிரபுவின் மகள் அனபெல்லுக்குப் பிணம்போல் கிடக்கவைக்கும் மருந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. கூட்டம் ஓய்கிறது. கூண்டுகளிலிருந்து எலிகள் வெளியே வருகின்றன. அவளுக்கு உணர்வு இருக்கிறது, கை கால் அசையவில்லை.

கோபுரத்தின் உச்சியில் அவளுடைய ஆவி கெரால்டிடம் ஒன்றே ஒன்று கேட்கிறது. என் எலும்புகளைக் காதலன் கிரஹாமிடம் சேர்த்துவிடு, அவன் அடக்கம் செய்தால் எனக்கு விடுதலை. கேட்க நியாயமாக இருக்கிறது. இரக்கப்பட்டு எடுத்துக்கொண்டு போய் அந்த மீனவனிடம் கொடுத்தால், கொள்ளைநோயைச் சுமக்கும் பேயை நாமே தீவிலிருந்து கரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம் என்று அர்த்தம். கிரஹாம் செத்துக் கிடப்பான். நம்பாமல் மறுத்து, கிரஹாமையே தீவுக்கு அழைத்துப் போனால், அவன் அவளுடைய அந்தக் கோரமான உருவத்தைத் தழுவி முத்தமிடுகிறான். சாபம் தீர்கிறது. அவனும் இறக்கிறான். இரண்டு பாதையிலும் கிரஹாம் பிழைப்பதில்லை. தெரிந்தே, விரும்பிச் சாகிறானா, ஏமாந்து சாகிறானா என்பது மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது. கேம்களில் ‘நல்ல முடிவு’ தேடிப் பழகியவர்களுக்கு இது உறைக்கும். உறைக்க வேண்டும்.

ஃபைக் தீவின் கதை அதோடு முடிந்துவிடுவதில்லை. கைரா உங்களை அங்கே அனுப்பியது ஊர்மேல் உள்ள அக்கறையால் மட்டும் அல்ல. அலெக்சாண்டரின் குறிப்புகள் அவளுக்கு வேண்டும். அதைக் கொண்டுபோய் ராடோவிட் மன்னனிடம் உயிர்ப்பிச்சை வாங்கத் திட்டம் போடுகிறாள். அவளைத் தடுத்து, பேசிப் புரியவைத்து, கேர் மோர்ஹென் கோட்டைக்குப் போகச் சொன்னால் அவள் உயிரோடு இருப்பாள். பல மணி நேரம் கழித்து அந்தக் கோட்டையில் பெரும் போர் மூளும்போது லாம்பர்ட் என்ற சக விட்சரைக் காப்பாற்றுவது அவள்தான். அவள் அங்கே இல்லையென்றால் லாம்பர்ட் இறந்துவிடுவார். ராடோவிட்டிடமே போகட்டும் என்று விட்டால், நோவிகிராட் நகரில் கழுவேற்றப்பட்ட நிலையில் அவளைப் பார்ப்பீர்கள்.

இதையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வடக்கு நாடுகளின் போரில் ஜெயிப்பது யார் என்பதையே இந்த கேம் ஒரு சைட் குவெஸ்ட்டில்தான் வைத்திருக்கிறது. நோவிகிராட்டில் டைக்ஸ்ட்ரா என்பவர் தொடங்கிவைக்கும் ‘எ டெட்லி ப்ளாட்’ பணியை எடுத்தால் அது கடைசியில் ‘ரீசன் ஆஃப் ஸ்டேட்’ என்ற அரச கொலையில் போய் முடியும். நான் முன்பு சொன்ன தேலர் இங்கே நேரிலேயே வருகிறார். இதை எடுக்காமல் மெயின் குவெஸ்ட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு போனால், மந்திரக்காரர்களை உயிரோடு எரிக்கும் ராடோவிட்தான் போரில் ஜெயிப்பான். ‘ஐல் ஆஃப் மிஸ்ட்ஸ்’ தீவுக்குக் கிளம்பிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். ஆகவே அதற்கு முன்பே டைக்ஸ்ட்ராவின் வேலைகளை முடித்துவிடுங்கள். பிறகு ஒரு கட்டத்தில் அவரைப் பலமாகத் தள்ளிவிடும் வாய்ப்பு உரையாடலில் வரும். அதைத் தொட்டால் அவருடைய கால் முறியும். அதோடு அந்தக் கதையும் முறியும். ஸ்கெலிகே தீவுகளில் அடுத்து அரியணை ஏறுவது யார் என்பதும் இப்படித்தான். சேரிஸ், யால்மர் இருவருடைய பணிகளையும் செய்து, விருந்தில் நடக்கும் படுகொலையைத் துப்புத் துலக்கினால் முடிவு உங்கள் கையில். செய்யாவிட்டால் ஸ்வான்ரிக் அரசனாகிவிடுவான்.

சரி, விட வேண்டியவை எவை? அதே ஸ்கெலிகேயின் கடல் நெடுகத் தெரியும் கேள்விக்குறிகளை முதலில் விடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை கடத்தல்காரர்கள் கடலில் போட்டுவைத்த மிதவைச் சரக்குகள். படகை நிறுத்தி, மேலே வட்டமிடும் சைரன்களைச் சுட்டு, நீரில் குதித்து எடுத்தால் விற்றுக் காசாக்கும் சாமான்கள் கிடைக்கும். ஆள் இல்லை, பேச்சு இல்லை, தேர்வு இல்லை. ஒன்று செய்தால் எல்லாம் செய்த மாதிரிதான்.

லெவல் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த கேமில் அனுபவப் புள்ளிகள் பெரும்பாலும் குவெஸ்ட்களில் இருந்துதான் வருகின்றன. அரக்கர்களை எத்தனை வெட்டினாலும் கொஞ்சம்தான். உங்கள் லெவலைவிட ஒரு குவெஸ்ட் 6 லெவல் கீழே போய்விட்டால் அது சாம்பல் நிறமாகும். பிறகு அதை முடித்தாலும் புள்ளிகள் பெயருக்குத்தான். அதனால் புள்ளிக்காக என்று எதையும் செய்ய வேண்டாம். சாம்பல் நிறமான பின்பும் செய்யத் தோன்றுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஃபைக் தீவுக்கு என் பதில் ஆம்.

‘தி விட்சர் 3’ வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2014 நவம்பரில் பயோவேர் நிறுவனத்தின் ‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ வந்தது. அதன் முதல் பெரிய நிலப்பரப்பான ஹின்டர்லேண்ட்ஸில் மாட்டிக்கொண்டு சலித்துப்போய் கேமையே கைவிட்டவர்கள் ஏராளம். விளையாட்டுச் செய்தித் தளங்களே ‘முதலில் அங்கிருந்து கிளம்புங்கள்’ என்று எழுத வேண்டிவந்தது. அகதிகளுக்காக 10 ஆட்டுக்கிடா இறைச்சி கொண்டுவா என்கிறது ஒரு பணி. கொண்டுவந்தாயிற்று, ஒரு நன்றி, கொஞ்சம் புள்ளிகள். அகதிகளில் ஒருவர் முகமும் மனதில் நிற்பதில்லை. பசித்த மக்கள் என்ற அதே கருதான் ஃபைக் தீவிலும் இருக்கிறது. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். ஆனால் அந்த கேமிலும் தோழர்கள் கேட்கும் வேலைகளை விட்டுவிடக் கூடாது. அயர்ன் புல் என்ற கூலிப்படைத் தலைவனுடைய பணியில், அவனுடைய ஆட்களைக் காப்பதா, அவனது நாட்டோடு உடன்படிக்கை செய்வதா என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும். ஆட்களைப் பலிகொடுத்தவர்களுக்கு, 2015-இல் வந்த ‘ட்ரெஸ்பாசர்’ கூடுதல் கதையில் அவன் பதில் சொல்கிறான்: எதிரியாக நின்று வாளெடுக்கிறான். கேட்டது யார் என்ற அளவுகோல் அங்கேயும் செல்லும்.

எல்லாக் கேள்விக்குறியையும் துடைத்தால்தான் மனம் ஆறும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களுக்கு அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. எனக்கு வருத்தம் தருவது, அப்படித் துடைத்துத் துடைத்துக் களைத்து, கதையின் பாதியிலேயே கேமை மூடிவைத்தவர்களைப் பார்க்கும்போதுதான். அவர்கள் கேர் மோர்ஹென் போரைப் பார்க்கவே இல்லை.

வெலனில் இருப்பவர்கள் இந்த வாரம் கைராவிடம் விளக்கை வாங்கிக்கொண்டு ஃபைக் தீவுக்குப் போய்விடுங்கள். படகில் ஏறும் முன் ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் எடுத்த முடிவோடு நிற்காமல் மற்ற பாதையையும் ஒருமுறை பார்க்கத் தோன்றும். அடுத்த வாரம், இந்த கேமுக்குள் இருந்து தனி கேமாகவே வளர்ந்துவிட்ட ‘க்வென்ட்’ சீட்டாட்டம்.