டிஸ்அக்ரீ: ‘டு’வா, ‘வித்’தா?

டீ ஆறுவதற்குள் பேசி முடித்துவிடலாம், சின்ன விஷயம்தான். ஆபீஸ் மெயில்களில் அடிக்கடி கண்ணில் படுகிற வாக்கியம் இது: ‘ஐ டிஸ்அக்ரீ டு யுவர் ப்ரபோசல்.’ எழுதியவர் நன்றாகப் படித்தவர்தான். ‘உங்கள் யோசனைக்கு நான் உடன்படவில்லை’ என்று மனதுக்குள் ஓடியிருக்கும். அந்தக் ‘கு’ உருபுதான் ‘டு’வாக வந்து உட்கார்ந்துவிட்டது.

அதையே ‘உங்கள் யோசனையோடு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘டிஸ்அக்ரீ வித்’ தானாக வந்துவிடும். ஆளோ, அவர் கருத்தோ, எடுத்த முடிவோ, எல்லாவற்றுக்கும் ‘வித்’தான். எந்த விஷயத்தில் வேறுபாடு என்று சொல்ல ‘ஆன்’ அல்லது ‘அபவுட்’. ‘ஐ டிஸ்அக்ரீ வித் ஹிம் அபவுட் த ரென்ட்’ என்றால், அவரோடு, வாடகை விஷயத்தில். ‘ஓவர்’ போட்டாலும் தப்பில்லை. கொஞ்சம் சண்டை வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

‘அக்ரீ டு’ என்று எல்லோரும் எழுதுகிறார்களே என்பீர்கள். நியாயம்தான். அங்கே அக்ரீ என்பது சம்மதம். வீட்டுக்காரர் போட்ட நிபந்தனைக்குத் தலையாட்டினால் ‘அக்ரீ டு’. அவர் சொல்வது சரியென்று பட்டால் ‘அக்ரீ வித்’. (சரியென்று படாமலே தலையாட்டுவது நமக்குப் புதிதா என்ன!) தலையாட்ட மறுத்தால் ‘டூ நாட் அக்ரீ டு’ என்றே எழுதலாம். டிஸ்அக்ரீ மட்டும் இங்கே உதவாது. அது கருத்து ஒத்துப்போகவில்லை என்று சொல்லும். சம்மதம் தர மறுப்பதைச் சொல்லாது.

சாப்பாட்டுக்கும் இதே வினைதான். ‘மில்க் டிஸ்அக்ரீஸ் வித் மீ’ என்றால், பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. நம் ‘ஒத்துக்கொள்’ளும் இப்படி இரண்டு வேலை பார்க்கிறதே!

கோர்ட்டில் பேச்சு வேறு. நெருக்கடி நிலையில் சிறை வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற ஜபல்பூர் வழக்கில், 1976இல், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் முடியும் என்றார். அது டிசென்ட். மற்றவர்கள் தீர்ப்பிலிருந்து விலகி நிற்பதால் ‘டிசென்ட் ஃப்ரம்’.

‘அப்ஜெக்ட்’ என்ற வினைக்கு ‘டு’ உண்டு. ஆனால் அது ஆட்சேபணை, மேலதிகாரிக்கு எழுதும்போது காரம் பார்த்துப் போடுங்கள். ‘ஆப்போஸ்’ என்று எழுதினால் பின்னால் எதுவுமே வேண்டாம்: ‘வீ ஆப்போஸ் த ப்ளான்.’ அங்கே ‘அகெய்ன்ஸ்ட்’ சேர்ப்பவர்கள் இன்றோடு நிறுத்திவிடலாம்.