குளிர்ப் பிரதேச வீடுகளுக்குப் புகையில்லா வெப்பம்

லடாக்கின் தலைநகராகிய லே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஜனவரி இரவுகளில் அங்கு உஷ்ணநிலை உறைநிலைக்கு 15 முதல் 20 டிகிரி வரை கீழே இறங்குவதுண்டு. வீடுகளில் குளிர்காய உதவுவது 'புகாரி' என்னும் தகரக் கணப்பு. சாணம், விறகு, மண்ணெண்ணெய் ஆகியவை அதில் எரிக்கப்படுகின்றன. இறுக மூடிய அறையில் காற்றுப் போதாமல் எரியும் கணப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை உண்டாக்கும். நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, உறங்குவோரின் உயிரையே பறிக்க வல்லது.

2070-ஆம் ஆண்டுக்குள் கரிவாயு வெளியீட்டை நிகரப் பூஜ்யமாக்குவதாக இந்தியா 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. ஆதலின், எரிபொருளின்றி வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் முறைகள் இன்று இருவகையில் முக்கியமாகின்றன.

வெயிலைச் சேமிக்கும் சுவர்

லேயில் குளிர்காலத்திலும் வெயிலுக்குக் குறைவில்லை. டிசம்பர் இறுதியில் நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 32 டிகிரி உயரத்தில் நிற்கும். ஜூன் இறுதியிலோ 79 டிகிரி. ஆகவே தெற்கு நோக்கிய பெரிய சன்னல் குளிர்காலக் கதிர்களை உள்ளே விடும். கோடைக் கதிர்களைக் கூரையின் நீட்டம் தடுத்துவிடும்.

தெற்குச் சுவருக்குக் கருமை பூசி, சிறிது இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்துவது மற்றொரு முறை. தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை ஏற்று, பல மணி நேரம் கழித்து இரவில் அறைக்குள் விடுகிறது. அமெரிக்காவில் எட்வர்ட் மோர்ஸ் 1881-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் 1960-களில் பெலிக்ஸ் திராம்ப் இதை விளக்கிக் காட்டியதால் 'திராம்ப் சுவர்' என்ற பெயர் நிலைத்தது. லேக்கு அருகில் ஃபே கிராமத்திலுள்ள செக்மோல் கல்வி நிலையத்தின் மண் கட்டடங்கள் சூரிய வெப்பத்தையே நம்பிக் கட்டப்பட்டவை.

வெப்பப் பம்பு

வெயில் போதாதபோது உதவுவது வெப்பப் பம்பு. குளிர்பதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. இப்பம்பு வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டினுள் தள்ளுகிறது. எளிதில் ஆவியாகும் திரவம் ஒன்று வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தைக் கவர்ந்து ஆவியாகிறது. அழுத்தும் இயந்திரம் அதை நெருக்கிச் சூடேற்றுகிறது. வீட்டினுள் அது மீண்டும் திரவமாகி வெப்பத்தை விடுகிறது. மிதமான குளிரில் 1 பங்கு மின்சாரத்துக்குச் சுமார் 3 பங்கு வெப்பம் கிடைக்கும். சூரிக் நகர மன்றக் கட்டடத்தில் 1938-இலேயே ஆற்று நீரின் வெப்பத்தைப் பயன்படுத்தும் பம்பு நிறுவப்பட்டது.

எனினும் குளிர் கடுமையாகுந்தோறும் இவ்விகிதம் குறையும். சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் உஷ்ணநிலை அதிகம் மாறுவதில்லை; ஆதலால் குழாய்களை நிலத்தில் புதைப்பது நலம். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமாயின் கரிவாயு முற்றிலும் நீங்காது என்பதையும் மறத்தலாகாது.

செய்முறை

வெப்பம் கசியும் வீட்டுக்கு எத்துணைச் சிறந்த இயந்திரமும் வீணே. முதலில் கூரையையும் இடுக்குகளையும் வைக்கோல், மரத்தூள் முதலியவற்றால் காத்தல். அடுத்து வெயிலை ஏற்றல். எஞ்சிய தேவைக்கே இயந்திரம். கிராமங்களில் ஊழியர்கள் வலியுறுத்த வேண்டிய வரிசை இதுவே.

பள்ளியில் இதை எளிதில் காட்டலாம். கருமை பூசிய இரு தகர டப்பாக்களில் சம அளவு நீர் ஊற்றி வெயிலில் வைக்க வேண்டும். ஒன்றைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து வெப்பமானியால் இரண்டையும் அளந்தால், கண்ணாடியின் பயனை மாணவர்கள் தாமே கண்டறிவர்.