லொறியாக மாறிய கார்: ஒரு சிற்றுரு அமைக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் நடைபெற்ற கண்காட்சி ஒன்றில், மாணவன் ஒருவன் தன் கையாற் செய்த சிறிய லொறி ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தான். பழைய வண்டியாகத் தோன்றவேண்டும் என்பதற்காக, அதன் உடலெங்கும் செம்பழுப்பு வர்ணத்தைப் பூசியிருந்தான். பார்த்தவரெல்லாம் பாராட்டினர். வாழ்நாள் முழுவதும் மோட்டார் வண்டிகளைத் திருத்தி வந்த முதியவர் ஒருவர் மாத்திரம் அதனைக் கையிலெடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, நன்றாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால், இந்தக் கதவின் நடுவிலே துரு எப்படி வந்தது? தண்ணீர் தங்காத இடத்தில் துரு இப்படிப் பிடிக்காதே!" என்றார். மாணவனுக்கு விடை தெரியவில்லை. உண்மையைக் கூறினால், அருகில் நின்ற எனக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியே இன்றைய பேச்சுக்குக் காரணமாயிற்று.

சிற்றுரு என்பது விளையாட்டுப் பொருளன்று. பெரியதொரு பொருளின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்திற் குறைத்து அமைப்பதே சிற்றுருவாகும். புத்தம் புதிய வண்டியின் சிற்றுருவை அமைப்பது ஒரு வகையில் எளிது. அளவுகள் சரியாயிருந்தாற் போதும். உழைத்துக் களைத்த வண்டியின் சிற்றுருவுக்கோ அளவு மட்டும் போதாது. அவ்வண்டியின் வாழ்க்கை வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். இதனை விளக்குதற்கு அமெரிக்க நாட்டிலிருந்து ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

ஹென்றி போர்ட் என்பாரின் தொழிற்சாலை, 1908ஆம் ஆண்டு முதல் 1927ஆம் ஆண்டு வரை 'மொடல் ரி' என்னும் காரை உற்பத்தி செய்தது. ஒரு கோடியே ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. நகரத்தாருக்கு உலாப்போக உதவிய அந்தக் கார், நாட்டுப்புற விவசாயிக்கு வேறு விதமாகப் பயன்பட்டது. அவனுக்கு வேண்டியது பின்னிருக்கை அன்று. மூடைகளை ஏற்றுவதற்கு ஒரு தட்டு. 1917இல் ஒரு தொன் பாரந் தாங்கும் லொறிச் சட்டகத்தையும், 1925இல் பின்புறம் பெட்டி பொருத்திய சிறு வண்டியையும் அந்நிறுவனமே விற்பனைக்கு விட்டது. ஆயினும், புதிது வாங்க வசதியற்றோர் தம்மிடமிருந்த பழைய காரையே வாளால் அறுத்து லொறியாக்கிக் கொண்டனர்.

1930ஆம் ஆண்டையடுத்து வந்த காலத்தில் இவ்வழக்கம் பெரிதும் பரவிற்று. அமெரிக்காவின் நடுச் சமவெளிகளிலே, மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லை உழுது புரட்டிக் கோதுமை விதைத்திருந்தனர். மழை பொய்த்தது, பயிர் கருகியது, காற்று மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி வீசிய புழுதிப் புயல், பகலையும் இருளாக்கியமையால் அந்நாள் 'கறுப்பு ஞாயிறு' எனப் பெயர் பெற்றது. கடனாலும் வறட்சியாலும் நிலமிழந்த குடும்பங்கள், ஒக்லஹோமா முதலிய மாநிலங்களிலிருந்து 66ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டன. 1939இல் வெளிவந்த ஜோன் ஸ்ரைன்பெக்கின் புகழ்பெற்ற நாவலிலும், ஒரு குடும்பம் 'ஹட்சன்' காரொன்றை அறுத்து லொறியாக்கியே பயணம் செய்கிறது. டொரோத்தியா லாங் முதலியோர் அரசாங்கத்துக்காக எடுத்த நிழற்படங்களில் அத்தகைய வண்டிகளை இன்றும் காணலாம். சிற்றுரு செய்ய விரும்புவோர் முதலில் நாடவேண்டியவை அப்படங்களே.

இனி வேலையைத் தொடங்குவோம். நாம் எடுத்துக்கொள்வது 1924ஆம் ஆண்டின் திறந்த கார். விகிதம் இருபத்தைந்தில் ஒன்று. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உண்மையான தூரம் 100 அங்குலம். ஆகவே, நம் சிற்றுருவில் அது சரியாக 4 அங்குலம். ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகை, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றராகும். இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள தீக்குச்சி, இரண்டு அங்குலத் தூணுக்குப் பொருந்தும். இவ்விகிதத்தில் பிளாஸ்ரிக் பாகங்கள் கடைகளில் கிடைக்கின்றன. கிடைக்காதவிடத்து, அட்டையும் மெல்லிய தகரமும் மரச்சீவலும் போதும்.

முதலாவது கேள்வி, எங்கே அறுப்பது என்பதாகும். முன்னிருக்கைக்குப் பின்னால் அறுக்க வேண்டும். ஏனெனில், இவ்வண்டியின் எரிபொருட் தாங்கி முன்னிருக்கையின் கீழேயே இருந்தது. அதைத் தொடாமல் பின்பாகத்தை அகற்றிவிடலாம். மேலும், வண்டியின் பாரத்தைத் தாங்குவது கீழேயுள்ள இரும்புச் சட்டகமேயன்றி மேலுடல் அன்று. ஆகையால், உடலை அறுத்தாலும் வண்டி வலுவிழப்பதில்லை. விவசாயி இதனை நூலிற் படித்தவன் அல்லன். கீழே குனிந்து பார்த்து அறிந்தவன். அவன் கையால் அறுத்த விளிம்பு நேர்கோடாக இராது. நாமும் அதனைச் சிறிது கோணலாகவே விடவேண்டும்.

அடுத்தது தட்டு. பெரும்பாலும் பழைய களஞ்சியத்திலிருந்து கழற்றிய பலகைகளே அதற்குப் பயன்பட்டிருக்கும். வெயிலும் மழையும் பட்ட மரம் கபில நிறமாக இராது. சாம்பல் நிறமாக மாறிவிடும். இந்நிறத்தைப் பெற ஓர் எளிய வழி உண்டு. இரும்புக் கம்பளித் துண்டொன்றை விநாகிரியில் இரண்டொரு நாள் ஊறவைத்து, அந்நீரை மரத்திற் பூசுக. அதற்கு முன் கடுஞ்சாயத் தேநீரைப் பூசி உலரவிட்டால் நிறம் நன்கு பிடிக்கும். தேயிலையிலுள்ள தனின் என்னும் பொருளும் இரும்பும் சேர்ந்து மரத்தைக் கருஞ்சாம்பலாக்குகின்றன. ஆணி அடித்த இடங்களிலிருந்து மட்டும் மெல்லிய துருக்கோடு கீழ்நோக்கி வடியட்டும்.

பாரம் ஏற்றிய வண்டி எப்படி நிற்கும் என்பதையும் எண்ணவேண்டும். இவ்வண்டியின் பின்புறத்தில் குறுக்காக அமைந்த ஒரேயொரு வில்தகடே இருந்தது. மெத்தை, அடுப்பு, வாளி, பெட்டி எனக் குடும்பத்தின் உடைமை முழுவதையும் ஏற்றினால் பின்பக்கம் தாழாதிருக்குமா? ஆகவே, சிற்றுருவின் பின்புறத்தை இரண்டு மில்லிமீற்றர் தாழ்த்துக. அஃது உண்மை வண்டியில் இரண்டு அங்குலத்துக்குச் சமம். வாளியும் பெட்டியும் நூலாற் கட்டப்படட்டும். பசை வைத்து ஒட்டியது தெரிந்தால் பயணத்தின் அவசரம் தெரியாது போய்விடும்.

இப்பொழுது முதியவரின் கேள்விக்கு வருவோம். துரு எங்கே வரும்? வர்ணம் நீங்கி, நீர் தங்கும் இடத்தில் வரும். அறுத்த விளிம்பிலே வர்ணமே இல்லை. ஆதலால் அங்கே முதலில் வரும். சேறு ஒட்டும் மட்காப்பின் உட்புறத்திலும், தகடுகள் பொருந்தும் இடுக்கிலும் வரும். கதவின் நடுவிலே, ஏதேனும் உராய்ந்தாலன்றி வராது. வர்ணம் தேய்வதற்கும் காரணம் வேண்டும். அமெரிக்காவிற் செய்த இத்திறந்த கார்களில் சாரதியின் பக்கமாகிய இடப்புறத்தின் முன்கதவு வெறும் உருவமே, அது திறவாது. சாரதியும் வலப்புறத்தாலேயே ஏறி இறங்கினான். எனவே, வலப்பக்கப் படித்தட்டு கூடுதலாகத் தேய்ந்திருக்க வேண்டும். இதை அறியாதவன் இருபுறத்தையும் ஒரே அளவிற் தேய்த்து விடுவான்.

வர்ணம் உரிந்த தோற்றத்துக்கு உப்பு உதவும். முதலில் துருநிறம் பூசி உலரவிடுக. துரு வரவேண்டிய இடங்களை மட்டும் நீரால் நனைத்து, அவ்விடங்களில் உப்புத்தூளைத் தூவுக. ஈரம் காய்ந்தபின் மேலே கறுப்பு வர்ணம் பூசுக. 1914 தொடக்கம் 1925 வரை இவ்வண்டிகள் கறுப்பாகவே வெளிவந்தன. மேல்வர்ணம் உலர்ந்ததும் தூரிகையால் உப்பை உதிர்த்துவிட்டால், அடியிலுள்ள துரு ஒழுங்கற்ற திட்டுகளாக வெளிப்படும். வெயிலில் நின்ற கறுப்பு மினுங்காது. ஆதலால் சிறிது சாம்பல் கலந்து மங்கலாக்குக.

இறுதியாகப் புழுதி. ஒக்லஹோமாவின் மண் பெரும்பாலும் செந்நிறமானது. எங்கள் வலிகாமத்துச் செம்மண்ணைக் கண்டவர்களுக்கு அந்நிறத்தை விளக்கத் தேவையில்லை. ஆனால், நிலத்து மண்ணை அப்படியே தூவலாகாது. அரை மில்லிமீற்றர் மணல், நம் விகிதத்தில் அரை அங்குலக் கூழாங்கல்லாகிவிடும். நிறச்சோக்கை நன்றாக அரைத்து, துணியாற் சலித்துப் பயன்படுத்துக. அது கிடையான பரப்புகளிலும் சக்கரங்களின் பின்புறத்திலும் படியட்டும். கை அடிக்கடி படும் இடங்களிற் படியவேண்டாம்.

அந்த மாணவன் மறுவருடக் கண்காட்சிக்கும் அதே லொறியைக் கொண்டுவந்தான். பழைய வர்ணத்தைச் சுரண்டிவிட்டு மீண்டும் பூசியிருந்தான். பக்கத்தில் ஓர் அட்டை. ஒவ்வொரு தழும்புக்கும் எதிரே அதற்குரிய காரணம் எழுதப்பட்டிருந்தது. முதியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டை முழுவதையும் படித்தார். இம்முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. தாம் ஓட்டிய வண்டிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

நேயர்களே, நமது வீதிகளிலும் பழைய சட்டகத்தின் மேல் மரக்கூடு அமைத்த தட்டிவான்கள் ஆட்களையும் மூடைகளையும் சுமந்து ஓடின. அவற்றை ஓட்டியவர்களும் திருத்தியவர்களும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். உங்கள் பிள்ளைகள் ஒரு சிற்றுருவைச் செய்ய முற்பட்டால், முதலில் அத்தகைய ஒருவரிடம் அவர்களை அனுப்பி வையுங்கள். எந்தப் படி தேய்ந்தது, எந்தப் பலகை முதலில் உக்கியது என்று கேட்டு எழுதி வரட்டும். வர்ணமும் தூரிகையும் பின்னரும் வாங்கலாம். அவரிடம் கேட்கவேண்டியதை இன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.