தலைகீழா, நேரா? பௌஹவுஸ் வந்த கல்கத்தாக் கூடத்தில்

முன்வாசலில் வரிசையாக நிற்பதெல்லாம் மற்றவர்களுக்கு. நாம் கற்பனைக் கள்ளச்சாவி போட்டுப் பின்கதவைத் திறக்கிறோம். வருஷம் 1922, டிசம்பர். இடம் கல்கத்தா, சமவாய மேன்ஷன். இந்தியக் கீழைக் கலைச் சங்கத்தின் 14-ஆவது ஆண்டுக் கண்காட்சி திறக்கப்போகிறது. உள்ளே ஒரே அமளி!

பார்த்து, காலடியில் வைக்கோல்! ஜெர்மனியின் வைமார் நகரிலிருந்து கடல் தாண்டி வந்த பெட்டிகள். அங்கே பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளி தொடங்கியே மூன்று வருஷம்தான் ஆகிறது. அதற்குள் அவர்களுடைய நீர்வண்ணங்களும் மர அச்சுப் படங்களும் வங்காளத்துக்கு வந்து இறங்கிவிட்டன. சட்டை நனையப் பெட்டி சுமந்தவர் ஒரு தாளை இப்படியும் அப்படியும் திருப்புகிறார்.

"இதில் மேல் எது, கீழ் எது?"

"கையெழுத்து இருந்தால் அது கீழே. இல்லாவிட்டால் உன் இஷ்டம்!"

சிரிப்பை அடக்குங்கள், மாட்டிக்கொள்வோம்.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம் 26 வயது ஸ்டெல்லா க்ராம்ரிஷ். வியன்னாவில் படித்து, சாந்திநிகேதனில் பாடம் நடத்த வந்தவர். மே மாதம் பௌஹவுஸ் ஆசிரியர் யோஹானஸ் இட்டனுக்குக் கடிதம் போட்டார். பலனைப் பாருங்கள், பால் க்ளே, காண்டின்ஸ்கி ஓவியங்கள்! அதோ லயோனல் ஃபைனிங்கர். நியூயார்க்கில் பிறந்து ஜெர்மனியில் ஓவியரானவர். 1937-இல் அமெரிக்காவுக்கே திரும்பப்போகிறார், பௌஹவுஸின் இந்தப் புதுப் பாணியையும் கூட்டிக்கொண்டு. அந்தச் சரக்கின் ஒரு பங்கை கல்கத்தா முன்கூட்டியே பிரித்துப் பார்க்கிறது!

சரி, ஜெர்மன் படங்களைவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள். இவை ககனேந்திரநாத் தாகூருடையவை. ஜோராசாங்கோவிலுள்ள தாகூர் குடும்ப வீட்டுக்காரர், ரவீந்திரநாத்துக்கு அண்ணன் மகன் முறை, வயது 55. ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேலிச்சித்திரத்தில் வறுத்தெடுத்த குறும்பர். நாடகத்துக்கு மேடையும் அமைப்பார். பெட்டிகள் வந்து சேரும் முன்பே இவர், பொருளைக் கட்டம் கட்டமாக உடைத்துக் காட்டும் க்யூபிசத்தில் இறங்கியாகிவிட்டது; 'ரூபம்' இதழில் இவரை இந்திய க்யூபிஸ்ட் என்று எழுதியதும் நம் ஸ்டெல்லாதான்.

கிட்டே போய்ப் பாருங்கள். பாரிஸ்காரர்கள் கிட்டாரையும் பாட்டிலையும் உடைத்துக் கட்டமாக்கினார்கள். இவருடைய கட்டங்களில் படிக்கட்டு ஏறுகிறது, நிழல் ஒளிகிறது, வெளிச்சம் மேடை விளக்குபோலச் சாய்ந்து விழுகிறது. முறை ஐரோப்பாவினுடையது, கதை சொல்லும் ஆசை ஜோராசாங்கோவினுடையது.

சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது, முன்கதவைத் திறக்கிறார்கள். வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிடுங்கள். எது மேல், எது கீழ் என்று அவர்கள் சண்டை போடுவதையும் கேட்டுவிட்டுப் போவோம்!