மூலிகைப் பெட்ரோலும் மூணு மீட்டர் துணியும்

தளவாய்புரத்தில் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ‘மூலிகைப் பெட்ரோல்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் இரண்டு கட்சி கிளம்பிவிடும்!

இருக்காதா பின்னே? தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்க வைத்து பெட்ரோல் எடுப்பதாகச் சொல்லி, 1996-ல் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த ராமர் பிள்ளை, இதே ராஜபாளையம் வட்டாரத்து இடையன்குளத்துக்காரர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்.

“படிக்காத ஜனங்க... நம்பிட்டாங்க, பாவம்!” என்று உச்சுக் கொட்டாதீர்கள். ஆரம்பத்தில் ஆர்வம் காட்டியவர்களில் மத்திய அரசின் அறிவியல் துறை அதிகாரிகளும் உண்டு! விஞ்ஞானிகள் முன்னால் செய்து காட்டும்போதுதான் சாயம் வெளுத்தது. அதற்குப் பிறகும் 1999-2000-ல் ‘மூலிகை எரிபொருள்’ கடை போட்டு விற்பனையானது. வாங்கிப் போட்டவர்கள் வண்டி வைத்திருந்தவர்கள்தானே? அதில் இருந்தது டொலுவீன், நாப்தா போன்ற ரசாயனங்களின் கலவை என்றது சி.பி.ஐ. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

பெஞ்சு மட்டும் கலையவில்லை!

“நம்ம ஊர்க்காரன் முன்னுக்கு வர்றது எவனுக்குப் பொறுக்கும், அண்ணாச்சி?” என்பார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரே வரி. பட்டம் வாங்கியவரோ அதையே எண்ணெய்க் கம்பெனி, அரபு நாடு, காப்புரிமை என்று அரை மணி நேரம் விளக்குவார். படிப்பு அவர் நம்பிக்கையை மாற்றவில்லை. அதற்கு வக்கீலாகி விட்டது!

எதிர்க்கட்சி மட்டும் என்ன வாழ்ந்தது? “பட்டிக்காட்டான் என்னத்தைக் கண்டுபிடிச்சிருவான்?” என்று முதல் நாளே சிரித்தவர், எந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்? அவருக்கும் ஆள்தான் கண்ணில் பட்டார், விஷயம் படவில்லை.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமல்ல. 2012-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக டான் கஹான் குழுவினர், பூமி சூடாவது பற்றி ஜனங்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். அறிவியல் தெரிந்தவர்கள் ஒரே கருத்துக்கு வரவில்லை. அவரவர் கூட்டத்தின் கருத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்திருந்தார்கள்!

சரி, கணக்குக்கு வருவோம். பி.காம். படித்த எனக்குத் தெரிந்தது வரவு - செலவு. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ. அதில் 600 கிராமுக்கு மேல் கார்பன். தண்ணீரில் கார்பனே கிடையாது. சொல்லப் போனால், தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை அடுப்பில் வைத்தால் மறுபடி எரியுமா? மிச்சம் இருப்பது ஒரு பிடி தழை. அதிலிருந்து அத்தனை கார்பன் எப்படி வரவாகும்?

இதற்கு விஞ்ஞானி வேண்டாம். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற அக்காவிடம், “மூணு மீட்டர் துணியில பத்து நைட்டி வருமா?” என்று கேளுங்கள். கத்தரியை எடுக்காமலே பதில் சொல்வார்.

நாளைக்கே நம்ம பக்கத்துப் பிள்ளை ஒன்று நிஜமாகவே எதையாவது கண்டுபிடிக்கலாம். அன்றைக்கு உலகம் நம்ப வேண்டுமானால், நம்ம ஆள் கணக்கை நாம்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். அதுவும் கொஞ்சம் கறாராகவே!