ஊமத்தை விதை உடலில் என்ன செய்யும்? சித்தூர் சம்பவமும் மருத்துவ விளக்கமும்

கரோனா தொற்றைத் தடுக்கும் என நம்பி ஊமத்தை விதைச் சாற்றை அருந்திய 10-க்கும் மேற்பட்டோர், 2020 ஏப்ரலில் ஆந்திர மாநிலம், சித்தூர் மாவட்டத்தில் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர். பைரெட்டிபள்ளி மண்டலம், ஆலபள்ளி கிராமத்தைச் சேர்ந்த அவர்கள், டிக்டாக் செயலியில் பரவிய காணொலியைப் பார்த்து அச்சாற்றைத் தயாரித்ததாகத் தெரிவிக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பின் அவர்கள் வீடு திரும்பினர்.

முட்கள் சூழ்ந்த ஊமத்தங்காய், கரோனா தீநுண்மியின் படத்தை ஒத்திருந்ததே அந்த நம்பிக்கைக்கு அடிப்படை. உருவ ஒற்றுமைக்கும் நோய் தீர்க்கும் ஆற்றலுக்கும் தொடர்பில்லை. எனினும், சிவ வழிபாட்டுக்குரிய மலராகவும் மூலிகையாகவும் நன்கு அறிமுகமான செடி என்பதால், அதன் நஞ்சு குறித்த அச்சம் பலருக்கு எழுவதில்லை.

உடலில் நிகழ்வது என்ன?

ஊமத்தையின் இலை, பூ, காய், விதை, வேர் என எல்லாப் பாகங்களிலும் அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் ஆகிய ஆல்கலாய்டுகள் உள்ளன. நரம்புகளின் கட்டளைகளை உறுப்புகளுக்குக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டை இவை தடுக்கின்றன. இதனால் எச்சிலும் வியர்வையும் வற்றுகின்றன. நா வறண்டு விழுங்குவது கடினமாகிறது. கண்மணி விரிந்து பார்வை மங்குகிறது. தோல் சிவந்து உடல் வெப்பம் உயர்கிறது. இதயத் துடிப்பு விரைவடைகிறது. சிறுநீர் கழிப்பதும் தடைபடுகிறது.

மூளை பாதிக்கப்படும்போது பிதற்றலும் மாயக் காட்சிகளும் தோன்றுகின்றன. போதைக் காளான்களில் உள்ள சைலோசைபினும் மாயக் காட்சிகளைத் தருவதுதான். ஆனால், ஊமத்தை நஞ்சுக்கு ஆளானவரால் பெரும்பாலும் மெய்யையும் மாயையையும் பிரித்தறிய இயலாது. எதிரே இல்லாதவருடன் பேசுவார். நஞ்சு மிகுந்தால் வலிப்பு, ஆழ்மயக்கம், மரணம் நேரலாம்.

நஞ்சை முறிக்கும் நஞ்சு

இதே அட்ரோபின், மருத்துவமனைகளில் உயிர் காக்கும் மருந்து. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி உடலில் சேர்ந்தால் அசிட்டைல்கோலின் அளவுமீறிப் பெருகி, மூச்சுக்குழாய்களில் நீர் சுரந்து மூச்சுத் திணறும். அந்நிலையில் முதலில் செலுத்தப்படுவது அட்ரோபின் ஊசியே. மஸ்கரின் என்ற நச்சு கொண்ட காளான்களை உண்டவர்களுக்கும் அது முறிவு மருந்தாகிறது. ஸ்கோபோலமின், பயணக் குமட்டலைத் தடுக்கப் பயன்படுகிறது. சித்த மருத்துவத்தில் ஊமத்தை இலைச் சாறு சேர்த்துக் காய்ச்சப்படும் மத்தன் தைலம், புண்களுக்கு வெளிப்பூச்சாக இடப்படுகிறது.

அளவுதான் வேறுபாடு

மருத்துவர்கள் அட்ரோபினை மில்லிகிராம் கணக்கில், இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி செலுத்துகின்றனர். விதையிலோ நஞ்சின் அளவு செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறுபடும். எத்தனை விதைகள் பாதுகாப்பானவை என எவராலும் கூற இயலாது. அரைப்பதாலோ கொதிக்க வைப்பதாலோ நஞ்சு நீங்கிவிடும் என நம்பவும் இயலாது. குழந்தைகளுக்குச் சிறிதளவே பேராபத்தாகலாம்.

மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் விதிகள், 1945-இன் இ(1) அட்டவணையில், இந்திய மருத்துவ முறைகளில் பயன்படும் நச்சுப் பொருள்களுள் ஒன்றாக ஊமத்தை இடம்பெற்றுள்ளது. அதைக் கொண்ட உள்மருந்துகளை மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஊமத்தையை உட்கொண்டவரை அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். வாந்தி எடுக்கச் செய்வதோ, மனக்குழப்பத்தில் இருப்பவருக்கு மோர், எலுமிச்சைச் சாறு போன்றவற்றைப் புகட்டுவதோ கூடாது. அது மூச்சுக்குழாயில் புகக்கூடும்.

மருத்துவமனையில் நஞ்சை உறிஞ்சும் கரித்தூள், வலிப்பையும் பதற்றத்தையும் தணிக்கும் மருந்துகள், தேவைப்பட்டால் பைசோஸ்டிக்மின் என்ற முறிவு மருந்து ஆகியவை தரப்படுகின்றன. நோயாளியால் நடந்ததைக் கூற முடியாது என்பதால், எஞ்சிய காயையோ விதையையோ உடன் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது சிகிச்சையை விரைவுபடுத்தும்.