புற்றுநோய்க் கட்டிக்குள் பாக்டீரியா: கம்ப்யூட்டர் கண்டது நிஜமா?

ரத்தத்தில் உள்ள நுண்ணுயிரிகளின் டிஎன்ஏவை வைத்தே எந்தப் புற்றுநோய் என்று சொல்லிவிடலாம். 2020-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு தந்த நம்பிக்கை இது. 2024 ஜூனில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நடுவுல என்ன நடந்தது?

என்ன செய்தார்கள்?
ஏற்கெனவே சேமித்திருந்த 33 வகைப் புற்றுநோய்களின் மரபணுத் தரவை சான் டியாகோ விஞ்ஞானிகள் எடுத்தார்கள். மனித டிஎன்ஏவோடு பொருந்தாத துண்டுகளை நுண்ணுயிரி டேட்டாபேஸோடு ஒப்பிட்டார்கள்.

தப்பு எங்கே?
2023-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஸ்டீவன் சால்ஸ்பெர்க் உள்ளிட்டோர் இரண்டு சிக்கல்களைக் காட்டினார்கள். ஒண்ணு, டேட்டாபேஸில் இருந்த சில பாக்டீரியா மரபணுக்களிலேயே மனித டிஎன்ஏ கலந்திருந்தது. அதனால் மனிதத் துண்டுகளும் பாக்டீரியா கணக்கில் சேர்ந்தன. இரண்டாவது, தரவைச் சீராக்கியபோது பூஜ்யங்கள்கூட ஒவ்வொரு புற்றுநோய்க்கும் வெவ்வேறு எண்ணாக மாறின. மெஷின் லேர்னிங் கற்றுக்கொண்டது இந்த எண்களைத்தான். இறாலைத் தாக்கும் வைரஸ்கூட ஒரு புற்றுநோயின் அடையாளமாக வந்தது இப்படித்தான்!

அப்போ எல்லாமே பொய்யா?
இல்லை. இரைப்பைப் புற்றுநோய்க்கும் ஹெலிகோபாக்டர் பைலோரிக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. பெருங்குடல் கட்டிகளில் ஃபியூசோபாக்டீரியம் இருப்பதைப் பல குழுக்கள் ஆய்வகத்திலும் பார்த்திருக்கின்றன.

அடுத்த முறை ‘ஏஐ புற்றுநோயைக் கண்டுபிடித்தது’ என்று செய்தி வந்தால், இதைக் கேளுங்கள்: வேறொரு குழு, வேறு மாதிரிகளில், ஆய்வகத்தில் சரிபார்த்ததா?